விலை குறைந்த ஒரே க்ளீனரும் மைக்ரோஃபைபர் துணியும் வீடு முழுக்கப் போதுமா?

மடிப்பாக்கத்துக்காரி:

வணக்கம். எங்கள் வீட்டு சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில் இப்போது பாட்டில் வைக்க இடமில்லை. தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று, பாத்ரூம் டைல்ஸுக்கு ஒன்று, ஸ்டீல் குழாய்க்கு ஒன்று, இதுபோக தெருவில் வண்டியில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் வாங்கும் பினாயில் வேறு. மாதச் சாமான் பில்லில் இதற்கென்று போகும் காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அப்படியும் வீடு ஒன்றும் பளிச்சென்று இல்லை.

மல்டி பர்ப்பஸ் க்ளீனர் என்று 5 லிட்டர் கேனில் விலை குறைவாகக் கிடைக்கிறது, தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதோடு நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலைந்து வாங்கிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? தரை விட்ரிஃபைட் டைல்ஸ், சமையல் மேடை கறுப்பு கிரானைட், கிளாஸ் டாப் அடுப்பு. தினமும் தாளிப்பு, வாரத்தில் ஓரிரு நாள் பொரிப்பது என்று இருப்பதால் அடுப்புக்கு மேலே உள்ள டைல்ஸ், எக்ஸாஸ்ட் ஃபேன், சுவிட்ச் போர்டு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீர் போர் தண்ணீர், குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து கிடக்கிறது. தவழும் குழந்தை இருக்கிறது, அதனால் கடுமையான மருந்தாக இல்லாமல் இருந்தால் நல்லது. காலையில் வேலைக்கு ஒரு அக்கா வருகிறார், மீதியை நான்தான் செய்கிறேன். பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

ஹவுஸ்கீப்பிங்_அண்ணன்:

தங்கச்சி, ஓட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன், தினமும் இதே வேலைதான். உங்கள் வீட்டு வேலையில் முக்கால்வாசிக்கு அந்த ஒரு கேன் தாராளமாகப் போதும். ஆனால் மிச்சப்படுகிற காசில் கொஞ்சத்தைத் துணியில் போடுங்கள், ஏனென்றால் அழுக்கைத் தூக்குகிற வேலையில் பெரும்பங்கு துணியுடையது. எவ்வளவு நல்ல மருந்தை ஊற்றினாலும் பழைய பனியன் துணியால் துடைத்தால் பாதி அழுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்.

மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலியமைடும் (நைலான்தான்) சேர்ந்த மிக மெல்லிய இழை, பட்டு நூலைவிட மெல்லியது. நல்ல துணியில் ஒவ்வொரு இழையும் சாத்துக்குடிச் சுளை மாதிரி நீளவாக்கில் பிளந்திருக்கும். அந்தப் பிளவு ஓரங்களில்தான் தூசியும் பிசுக்கும் மாட்டிக்கொள்கிறது. வாங்கும்போது லேபிளில் 80% பாலியெஸ்டர், 20% பாலியமைடு என்றோ 70, 30 என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் 100% பாலியெஸ்டரை மைக்ரோஃபைபர் என்று விற்கிற கடைகள் நிறைய. கடையிலேயே உலர்ந்த உள்ளங்கையால் துணியைத் தடவிப் பாருங்கள், கையில் லேசாகப் பிடித்து இழுத்தால் நல்ல துணி, வழுக்கிக்கொண்டு போனால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டில் சோதிக்க வேண்டுமென்றால் மேடையில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றித் துடையுங்கள், மட்டமான துணி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், உறிஞ்சாது. எடை 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பக்கம் இருந்தால் பொது வேலைக்குச் சரி. கண்ணாடிக்கு மட்டும் முடி முடியாக இல்லாத, தட்டையாக நெய்த துணி தனியாக வாங்குங்கள்.

துடைக்கிற விதம். துணியை நாலாக மடியுங்கள், முன்னும் பின்னுமாகத் திருப்பி மடித்தால் சுத்தமான எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம். எட்டும் தீர்ந்தால் அந்தத் துணியை வாளியில் போட்டுவிட்டு வேறு துணி எடுக்க வேண்டியதுதான். கசக்கிப் பந்தாகப் பிடித்துத் துடைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், எங்களிடம் புதிதாகச் சேரும் பசங்களுக்கு முதல் பாடமே இதுதான். அப்புறம், ஒரு ஈரத் துணி, பின்னாலேயே ஒரு உலர்ந்த துணி. போர் தண்ணீர் வீட்டில் அந்த இரண்டாவது துணி கட்டாயம். துடைத்துவிட்டு ஈரத்தை அப்படியே காய விட்டால் தண்ணீர் மட்டும் ஆவியாகி உப்பு அங்கேயே நின்றுவிடும், கறுப்பு கிரானைட்டில் அது பளிச்சென்று தெரியும். உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து எடுத்துவிட்டால் உப்பு நிற்க வழியில்லை.

நிறம் பிரித்துக்கொள்ளுங்கள். சமையலறைக்குப் பச்சை, ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நீலம், பாத்ரூமுக்குச் சிவப்பு. சிவப்புத் துணி எந்தக் காரணத்துக்காகவும் சமையலறைக்குள் வரக் கூடாது. வேலைக்கு வரும் அக்காவுக்கும் இதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு அவசரம் ஆகாது. டைல்ஸில் அடித்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், மருந்து உள்ளே இறங்கட்டும், அதற்குப் பிறகு துடைத்தால் கை வலிக்காது. அடித்த உடனே தேய்க்கத் தொடங்குவதால்தான் “இந்த மருந்து வேலை செய்யவில்லை” என்று அடுத்த பாட்டிலுக்குப் போகிறார்கள். சுவிட்ச் போர்டு, ஃபேன் இதெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மருந்தைத் துணியில் அடித்து அந்தத் துணியால் துடைக்க வேண்டும், நேராக அடிக்கவே கூடாது.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:

அண்ணன் சொன்னதில் துணி விஷயம் முழுக்கச் சரி. மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

எந்த ஆல் பர்ப்பஸ் க்ளீனரை எடுத்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் சர்ஃபாக்டன்ட், வாசனை, நிறம். சில தயாரிப்புகளில் லேசான காரமும் இருக்கும். சர்ஃபாக்டன்ட் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும், அதனால் எண்ணெய் சின்னச் சின்னத் துளியாக உடைந்து தண்ணீரோடு வந்துவிடும். பாத்திரம் துலக்கும் லிக்விடிலும் இதேதான். ஆகவே கேன் வாங்க யோசனையாக இருந்தால் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட் கலந்து பாருங்கள், சமையலறை மேடைக்கும் மேசைக்கும் ஃபிரிட்ஜ் கதவுக்கும் அதுவே போதும். தண்ணீர் சேர்த்துவிட்டால் அதைக் கெடாமல் வைத்திருக்கும் பொருளும் நீர்த்துப்போகும், அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம். கலக்க ஆர்.ஓ. தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ எடுங்கள். ஏசி தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, ஜன்னல் கண்ணாடி துடைக்க அருமையானது. ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியே தள்ளும் தண்ணீர் இதற்கு நேர்மாறு, அதில் உப்பு இன்னும் அதிகம், கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் குழாயில் இருக்கும் வெள்ளைப் படிவு எண்ணெய் கிடையாது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அந்தக் கேன் முழுவதையும் ஊற்றினாலும் அது அசையாது, அதற்கு அமிலம்தான் வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கொடுப்பார்கள், விலை ரொம்பக் குறைவு. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, பழைய காட்டன் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, கால் மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவுங்கள். உப்பு தடிப்பாக இருந்தால் மறுபடி ஒருமுறை. ஷவர் துளை அடைத்திருந்தால் அதே கரைசலை ஒரு பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ஷவர் தலையோடு கட்டி வைக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகக் கணக்கு ஒன்று இல்லை, இரண்டு பாட்டில்: எண்ணெய்க்கும் பொது அழுக்குக்கும் ஒன்று, உப்புக்கு ஒன்று.

இரண்டு எச்சரிக்கை. வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை வருவதைக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு, கடைசியில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் உபயோகமானவை. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ப்ளீச்சிங் பவுடரும் டாய்லெட் கழுவும் ஆசிட்டும் ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் சின்னதாக உள்ள பாத்ரூமில் அது மூச்சை அடைத்துவிடும். எலுமிச்சை உப்பும் அமிலம்தான், அதற்கும் இதே விதி. ஒரே நாளில் இரண்டையும் எடுக்காமல் இருப்பது நல்லது.

குழந்தை இருப்பதால் இன்னொன்று: பொது க்ளீனர் அழுக்கை அகற்றும், கிருமிநாசினி என்று லேபிளில் எழுதியிருந்தால் ஒழியக் கிருமியைக் கொல்லும் என்று நினைக்க வேண்டாம். அன்றாடத் தரைக்கு அழுக்கு போனாலே போதும். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அப்போது முதலில் துடைத்துவிட்டு, பிறகு கிருமிநாசினியை லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விட வேண்டும். அடித்த மறுநொடி துடைத்தால் பயன் இல்லை.

மடிப்பாக்கத்துக்காரி:

அண்ணனுக்கும் டீச்சருக்கும் ரொம்ப நன்றி. உப்புக்கறை வேறு, எண்ணெய்க்கறை வேறு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். தரை துடைத்த பிறகு காலில் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுவென்று இருக்கிறது, மருந்து போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அதிகமாகிறது. இன்னொன்று, அம்மா வீட்டில் மைக்ரோஃபைபர் துணி வாங்கினார்கள், கொஞ்ச நாளில் தண்ணீரே உறிஞ்சாமல் மொடமொடவென்று ஆகி நாற்றம் வேறு. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ஹவுஸ்கீப்பிங்_அண்ணன்:

பிசுபிசுப்புக்குக் காரணமே மருந்து கூடிப்போனதுதான். சர்ஃபாக்டன்ட் தரையில் தங்கிவிடுகிறது, அதில் தூசி வந்து ஒட்டுகிறது, மறுநாள் தரை இன்னும் கறுக்கிறது, நீங்கள் இன்னும் ஊற்றுகிறீர்கள். வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று நாள் நன்றாகத் துடைத்துப் பழைய படிவை எடுத்துவிடுங்கள். பிறகு லேபிளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். விட்ரிஃபைட் டைல்ஸில் தினசரி மருந்தே தேவையில்லை, பெருக்கிவிட்டு நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் மாப்பால் தண்ணீரில் துடைத்தால் போதும், வாரத்தில் இரண்டு நாள் மருந்து. தவழும் குழந்தைக்கும் அதுதான் நல்லது, தரையில் இருப்பதெல்லாம் அதன் கைவழியாக வாய்க்குத்தானே போகிறது.

துணி கெடுவது பெரும்பாலும் துவைக்கிற இடத்தில். கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் கூடவே கூடாது, அது இழையின் மேல் ஒரு பூச்சு போட்டுவிடும், பிறகு தண்ணீரும் ஏறாது தூசியும் மாட்டாது. ப்ளீச் கூடாது. துணி சோப்புக் கட்டியை மேலே வைத்துத் தேய்க்காதீர்கள், இழைக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் போதும். துண்டு, கைலி, பனியனோடு சேர்த்து மெஷினில் போட்டால் காட்டன் பஞ்சு முழுவதையும் இது பிடித்துக்கொண்டு வரும், பிறகு கண்ணாடியைத் துடைத்தால் கண்ணாடி பூராவும் பஞ்சு. தனியாகத் துவையுங்கள். நாற்றம் வருவது ஈரத்தோடு சிங்க் ஓரத்தில் சுருட்டிப் போடுவதால். வேலை முடிந்ததும் அலசி, விரித்து, காற்றாடக் காயப்போட வேண்டும்.

மொடமொடவென்று ஆனது போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். டீச்சர் சொன்ன எலுமிச்சை உப்புக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசச் சொல்லுங்கள் அம்மாவிடம். சாஃப்ட்னர் போட்டுக் கெட்டிருந்தால் வெந்நீரும் டிடர்ஜென்டுமாகப் பலமுறை துவைத்தால் ஓரளவு மீளும்.

சூடான பாத்திரம் இறக்க இந்தத் துணியை எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் இழை, உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பிடிதுணிக்குக் காட்டன்தான். கிளாஸ் டாப் அடுப்பையும் நன்றாக ஆறிய பிறகே ஈரத்துணியால் துடையுங்கள், சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

செட்டிநாட்டு_மருமகள்:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன், எல்லார் வீட்டிலும் விட்ரிஃபைட் டைல்ஸ் கிடையாது. எங்கள் மாமியார் வீட்டில் ஆத்தங்குடிக் கல், சென்னையில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டில் மொசைக், பின்கட்டில் கடப்பா கல் மேடை. இந்த மூன்றுக்கும் எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் ஆகாது. ஆத்தங்குடிக் கல் சிமென்டால் கையால் வார்ப்பது, மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லும் சிமென்டும், கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. டீச்சர் சொன்ன அந்தக் கால்சியம் கார்பனேட்தான் கல்லிலேயே இருக்கிறது, உப்பைத் தின்கிற அமிலம் கல்லையும் தின்னும். ஆசிட் ஊற்றித் தேய்த்த மொசைக் தரையைப் பார்த்திருக்கிறேன், மினுமினுப்பு போய் சொரசொரவென்று ஆகிவிட்டது, பிறகு பாலிஷ் மெஷின் ஓட்டித்தான் மீட்க முடிந்தது. சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே கதை.

அந்தத் தரைகளுக்கு நிறையத் தண்ணீரும் நல்ல துணியும் இருந்தால் போதும். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும், அதற்கு எந்த மருந்தும் வேண்டாம். எங்கள் மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு துடைப்பார், தரையில் முகம் தெரியும். கிராமத்தில் அவ்வளவு பெரிய கூடத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பது அவருக்கு ஒத்துவரவில்லை, வேட்டித் துணிதான் தண்ணீரைப் பிடித்து மெல்ல விடுகிறது என்கிறார், நானும் அந்தத் தரைக்கு அதையே எடுக்கிறேன்.

பூஜை அறை விளக்கு மாடத்தில் நல்லெண்ணெய்ச் சிக்கும் புகைக்கரியும் சேர்ந்து பிடித்திருக்கும், அதற்கு வாஷிங் சோடா ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்துத் துடைத்தால் நன்றாக வரும். அது டைல்ஸ் மாடத்துக்கு. பித்தளைக்கும் வெள்ளிக்கும் எங்கள் வீட்டில் புளியும் விபூதியும்தான், அதில் கைவைக்க மாட்டேன்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:

கல் வகையைச் சொன்னது ரொம்ப முக்கியம், நான் விட்டுவிட்டேன், நன்றி. வாஷிங் சோடாவுக்கு ஒரு குறிப்பு: அலுமினியத்தில் படக் கூடாது, கறுத்துவிடும். சில சிம்னி ஃபில்டர் அலுமினிய வலை, சில ஸ்டீல். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு ஊறவையுங்கள். காந்தம் ஒட்டாததால் அலுமினியம் என்று முடிவு கட்டவும் முடியாது, சமையலறை ஸ்டீலில் பல வகைக்குக் காந்தம் ஒட்டாது. கையேட்டைப் பாருங்கள்.

நீலாங்கரை_நடை:

எல்லாரும் மைக்ரோஃபைபரைப் புகழ்கிறீர்கள், அது பிளாஸ்டிக் என்பதையும் கொஞ்சம் நினையுங்கள். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிய இழைகள் தண்ணீரோடு போகின்றன, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கள் கடற்கரைக்குத்தான் வரும். வீடு முழுக்க இதுவே என்று டஜன் கணக்கில் வாங்க வேண்டாம். கண்ணாடி, டிவி, கிரானைட், எண்ணெய்ப் பிசுக்கு இதற்கெல்லாம் நாலைந்து நல்ல துணி வாங்கி வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்திய சாம்பார், பால், தரையில் குழந்தை கொட்டியது, ஜன்னல் கம்பி, செருப்பு ஸ்டாண்டு இதற்கெல்லாம் வீட்டில் கிழிந்துபோகும் காட்டன் துணியே போதும். டிவிக்கு ஒரு வார்த்தை: திரையில் எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம், உலர்ந்த துணி, போகாவிட்டால் லேசாக நனைத்துப் பிழிந்த துணி. தூசியும் மணலும் உள்ள இடத்தை மைக்ரோஃபைபர் துணியால் நேராகத் தேய்க்கவும் வேண்டாம், மணல் துணியில் மாட்டிக்கொண்டு கீறல் போடும். கடலோரக் காற்றில் எங்கள் வீட்டு மேசைக்கு முதலில் தட்டுவது, பிறகுதான் துடைப்பது.

வீட்டுவேலை_அக்கா:

நான் நாலு வீட்டில் வேலை செய்கிறேன், என் மகள் காட்டிப் படித்தேன், அவள்தான் டைப் பண்ணித் தருகிறாள். நீங்கள் எல்லாரும் துணிக்கும் கல்லுக்கும் என்ன ஆகும் என்று பேசுகிறீர்கள், எங்கள் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் ஒரு மருந்து, அடுத்த வீட்டில் வேறு மருந்து என்று காலையிலிருந்து கை ஈரத்திலேயே இருக்கும், விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மத்தியானம் சோற்றில் மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு ஜோடி ரப்பர் கையுறை உங்கள் வீட்டிலேயே என் அளவுக்கு வாங்கி வையுங்கள், பெரிய சைஸ் வாங்கினால் வழுக்கும், நாங்கள் கழற்றிப் போட்டுவிடுவோம், பிறகு “கொடுத்தாலும் போடுவதில்லை” என்பீர்கள். பாத்ரூம் ஆசிட்டைச் சின்ன ஜன்னல் உள்ள இடத்தில் எங்களை ஊற்றச் சொல்லாதீர்கள். நீள மாப் வாங்கிக் கொடுத்தால் முட்டி போட்டுத் துடைக்கிற வேலை மிச்சம், துணி மாற்றுகிற மாதிரி தட்டை மாப் இருக்கிறதே, அது நன்றாக இருக்கிறது.

நிறம் பிரித்து வைக்கிறது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சொன்னால்தான் தெரியும், சொல்லாமல் மாறிப்போனதற்குக் கோபப்படாதீர்கள். துணியை அலசிக் காயப்போட ஒரு கொடியும் இடமும் காட்டுங்கள், நிறைய வீட்டில் சிங்க் குழாய் மேல் போடத்தான் இடம் இருக்கிறது.

அப்புறம் தங்கச்சி, கேனிலிருந்து ஊற்றி வைக்கும்போது ஜூஸ் பாட்டிலிலோ வாட்டர் பாட்டிலிலோ ஊற்றாதீர்கள். உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது, நானும் தாகத்தில் தண்ணீர் என்று எடுத்துவிடுவேன். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, எது எண்ணெய்க்கு, எது உப்புக்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, குழந்தைக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள். சிங்க் அடியில் வேண்டாம்.